வெள்ளைக்கு எதிர் அரக்கு

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிற சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் வெற்றிச்செல்வி வேலை பார்க்கிறாள். செல்போனில் நாம் தட்டுகிற திரை இருக்கிறதே, அதில் எந்த இடத்தில் எந்த நிறம் வரணும், எழுத்து எவ்வளவு பெரிசா நிக்கணும் என்று முடிவு செய்கிற வேலை. அவள் அம்மா ஆண்டாயி ஊரில் "எம்மவ கலர் அடிக்கிற வேல பாக்குறா" என்று சொல்லி வைத்ததில், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டுமென்று ரெண்டு பேர் வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். வெற்றி கோபப்படவில்லை. "அவங்களுக்குக் கை வலிக்கும், எனக்குக் கண்ணு வலிக்கும், அவ்வளவுதாம்மா" என்று சிரித்தாள்.

ஆனால் அவள் போட்ட நிறத்தைப் பார்த்து, "ஏதோ ஒரு மஞ்சளைப் போடும்மா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏதோ ஒரு மஞ்சளாம்! மூஞ்சி அப்படியே சுண்டிப் போகும். சாமந்தி மஞ்சளா, கிழங்கு மஞ்சளா, லாரி நம்பர் பிளேட் மஞ்சளா என்று கேட்டு எதிராளியை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அவள் ஊர் தா.பழூருக்குப் பக்கத்துக் கிராமம். அவள் தாத்தா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் வயலில் நட்டார்கள், ஊரார் வயலில் அறுத்தார்கள். அப்பா ராசாங்கம்தான் முதலில் வயலை விட்டு வெளியே வந்து, சுண்ணாம்புக்கல் லாரிக்கு டிரைவராகப் போனார். மகளை அரியலூர் காலேஜில் சேர்த்தார். வெற்றி படிக்கும்போதே ஜெயங்கொண்டத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிற வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். அங்கேதான் நிறப் பைத்தியம் பிடித்தது.

பிடித்த கதையும் வேடிக்கைதான். ஒருநாள் கீபோர்டில் கை தவறி ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திவிட்டாள். திரையில் இருந்த கல்யாணப் பொண்ணு ஒரே நொடியில் பேயாகிவிட்டாள். தலைமுடி வெள்ளை, முகம் நீலம், கண்ணு வெள்ளை முழி. ஸ்டுடியோக்காரர் "ஐயய்யோ, என்னம்மா பண்ணுன!" என்று அலறினார். இவளோ அதை மாற்றாமல் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இது ஏன் இப்படி ஆனது, எந்தக் கணக்கில் ஆனது என்று தெரிந்தாகணும் அவளுக்கு.

விஷயம் பெரிசில்லை. கம்ப்யூட்டருக்கு எல்லா நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறதோ அதை முழு அளவிலிருந்து கழித்துவிட்டால் எதிர் நிறம் வந்துவிடும். மஞ்சளைக் கழித்தால் நீலம், கறுப்பைக் கழித்தால் வெள்ளை. இது ஒரு வழி. கழித்தலுக்கு மனுச முகம், மரம், மட்டை என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. அதனால்தான் பொண்ணு பேயானது.

ரெண்டாவது வழி, நிறங்களையெல்லாம் ஒரு வட்டமாக உட்கார வைத்து, நேர் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. அதிலும் ஓவியக்காரர்கள் வட்டம் வேறு, கம்ப்யூட்டர் வட்டம் வேறு. அவர்கள் வட்டத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை உட்கார்ந்திருக்கும். இவர்கள் வட்டத்தில் நீலமும் பச்சையும் கலந்த மயில்கழுத்து மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் அந்த வட்டத்தில் இடமே கிடையாது. எவ்வளவு சுற்றினாலும் வெள்ளை வெள்ளையாகவேதான் இருக்கும்.

மூன்றாவது வழிதான் வெற்றிக்குப் பிடித்தது. நிறத்தின் பெயரை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் திருப்புவது. வெளிர்ப் பச்சை கரும்பச்சையாகும், பச்சை என்ற பேர் மாறாது. வெள்ளைத் தாள் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாகும். போட்டோவை மட்டும் தொடாமல் தனியே நிறுத்திவிட்டால் முகமும் முகமாகவே இருக்கும். ராத்திரியில் போன் திரை கண்ணைக் கூசாமல் இருக்க இருட்டாக மாறுகிறதே, அதற்கு இந்த வழிதான் சரி என்று ஆபீஸில் மற்றவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள். முதலாளி தமிழழகனே, "நிறம்னா வெற்றிகிட்ட கேளுங்கப்பா, எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அழகேசன் வேலை வந்தது.

அழகேசன் அரியலூரில் ரெண்டு, ஜெயங்கொண்டத்தில் ஒன்று என்று மூன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர். மண்டபம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் போனிலேயே பத்திரிகை செய்து அனுப்புகிற மாதிரி ஓர் ஆப் வேண்டும் என்று தமிழழகனிடம் வந்தார். முதல் பத்திரிகை அவருடைய மகள் ஹேமலதாவின் கல்யாணத்துக்கே. அது நன்றாக வந்தால் மூன்று மண்டபத்துக்கும் வேலை. தமிழழகன் அதை முழுசாக வெற்றி கையில் கொடுத்தார். அவள் பேரில், அவள் பொறுப்பில் வந்த முதல் பெரிய வேலை அது. ஆண்டாயி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பத்திரிகை அழகென்றால் அழகு. வெள்ளைத் தாள், நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம், நடுவில் பொண்ணு மாப்பிள்ளை படம், படத்தைச் சுற்றி சாமந்தி மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. காலையில் அழகேசன் அதன் லிங்கைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார்; ஆபீஸில் எதை மாற்றினாலும் அத்தனை பேர் போனிலும் மாறிவிடுகிற லிங்க் அது. பகல் முழுக்க வாழ்த்துதான். "பத்திரிகையா இது, அடேயப்பா!" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. போன்கள் ஒவ்வொன்றாக ராத்திரித் திரைக்கு மாறின. வெள்ளைத் தாள் கறுப்புத் தாளானது, மூலையில் இருந்த மஞ்சளும் அதோடு இருண்டு மங்கியது. கறுப்புக்கு நடுவே மாலை போட்ட படம், ரெண்டு பக்கமும் விளக்கு, கீழே வெள்ளை எழுத்தில் பேரும் தேதியும். தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்திருக்கிறீர்களே, அச்சு அசல் அதுதான்!

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருத்தர் போன் போட்டு, "யாரு போயிட்டா?" என்றார். அடுத்த போன், அதற்கடுத்த போன், எல்லாவற்றிலும் அதே கேள்வி. கல்லங்குறிச்சியில் இருக்கும் அழகேசனின் சித்தப்பா வைரக்கண்ணு போன் போடக்கூட இல்லை. கண்ணாடி இல்லாமல் திரையைப் பார்த்தவர், மாலையையும் கறுப்பையும் பார்த்ததும் "எம் பேத்தி போயிருச்சே!" என்று அடித்துக்கொண்டு, கடையில் ஒரு பெரிய மாலையை வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரியலூருக்கே வந்து இறங்கிவிட்டார். கதவைத் திறந்தது ஹேமலதா. மனுசன் மாலையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பொண்ணுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, அவள் அம்மாவுக்கு அழுகை. கல்யாண வீட்டுக்குச் சாவு மாலை வந்தால் எந்த அம்மா தாங்குவாள்?

மறுநாள் காலை ஆபீஸ் கதவு திறந்ததும் அழகேசன் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"யாரு செஞ்சது இத?"

"நான்தான் சார்" என்று வெற்றி எழுந்து நின்றாள்.

"ஏம்மா, உங்கூட்டுல நல்லது கெட்டதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதா? கல்யாணப் பத்திரிகைய எவளாச்சும் கறுப்புல போடுவாளா?"

வெற்றிக்குக் காது சுட்டது. கணக்குத் தப்பியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். கணக்கு தப்பவில்லை, வெள்ளைக்கு எதிர் கறுப்புதான். ஆனால் அவர் கேட்டதில் ஒரு பாதி உண்மை என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. ராசாங்கம் கறுப்புச் சட்டைக்காரர். சாமி, சாதி, சகுனம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே போட்டவர். பொங்கலுக்கும் கறுப்புச் சட்டை, மகள் பட்டம் வாங்கின அன்றைக்கும் கறுப்புச் சட்டை. நல்ல நாள் என்றால் அப்பா கறுப்பு உடுத்துவார் என்றே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அந்த ராத்திரித் திரை லட்சணமாகத்தான் தெரிந்தது. மூன்று வழியும் தெரிந்தவளுக்கு அடுத்த வீட்டுக் கண்ணு எப்படிப் பார்க்கும் என்பது தெரியாமல் போனது.

"இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள சரியாகணும்" என்றார் அழகேசன். "இல்லன்னா இந்த வேல திருச்சிக் கம்பெனிக்குப் போவும். மூணு மண்டபமும் சேத்துத்தான்."

அவர் படியிறங்கியதும் தமிழழகன் தலையைச் சொறிந்தார். "வெற்றி, அந்த ராத்திரித் திரையவே எடுத்துரு. எந்நேரமும் வெள்ளையாவே இருந்துட்டுப் போவட்டும்."

"நாம எடுத்தாலும் போன் சும்மா இருக்காதுண்ணே. பாதிப் போனு, நாம ஒண்ணும் செய்யலன்னா தானாவே திருப்பிரும். அதுக்குக் கழிக்க மட்டுந்தான் தெரியும். நேத்து அஞ்சலி போஸ்டர் வந்துச்சு, இன்னைக்குப் பேயே வரும். நாமளா ஒரு ராத்திரிய செஞ்சு குடுத்தாத்தான் போன் கைய வைக்காது."

"அப்ப திருச்சியில டிசைன் பண்ற நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், அவனை ஒரு வார்த்தை…"

"வேணாண்ணே. இது என் கையில வந்த வேல. என் கையிலதான் இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதைப்புதான். கருநீலம் போட்டாள், மாலையும் படமும் பழையபடி துக்கம் விசாரித்தன. கரும்பச்சை போட்டாள், அது ஏதோ கட்சி மாநாடு மாதிரி இருந்தது. வட்டத்தைச் சுற்றினாள், தாள் அசையவே இல்லை. மத்தியானச் சோறு டப்பாவிலேயே ஆறியது. வெள்ளைக்கு எதிர் என்ன, வெள்ளைக்கு எதிர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கேள்வியே தப்பு! வெள்ளைக்கு எது எதிர் என்பதை எந்தக் கணக்கும் சொல்லிவிடும். அழகேசன் வீட்டில், கல்யாணத்தன்றைக்கு உள்ளே வர அனுமதி உள்ள பொருள்களில் எது ரொம்ப அடர்த்தி? அதையல்லவா கேட்க வேண்டும்!

ஹேமலதாவுக்குப் போன் போட்டாள். "மேடம், நான் வெற்றிச்செல்வி. உங்க பத்திரிகைய… "

"நீங்கதானா அது? எங்க தாத்தா நேத்து மாலையோட வந்து நின்ன நிலையப் பாத்திருக்கணும் நீங்க" என்று அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிக்கு உயிர் வந்தது.

"சிரிக்காதீங்க மேடம், பொழுது சாயுறதுக்குள்ள முடிக்கணும். முகூர்த்தப் பட்டு என்ன நெறம்?"

"அரக்கு. மஞ்சக் கரை."

"ஜன்னல் பக்கம் விரிச்சு வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மடிப்பு தெரியணும்."

படம் வந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தில் அரக்கு பளபளத்தது. மடிப்புக்குள்ளே, நிழல் விழுந்த இடத்தில், அது கறுப்புக்கு ஒரு படி முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்த நிழலிலிருந்து நிறத்தை எடுத்துத் தாளுக்குப் போட்டாள். எழுத்துக்கு வெள்ளை வேண்டாம், சந்தனம். மஞ்சளும் குங்குமமும் இனிமேல் எந்தக் கணக்குக்கும் திரும்பக் கூடாது, பகலிலும் ராத்திரியிலும் அவை அவையாகவே இருக்கும் என்று கட்டளை எழுதினாள். இருட்டிலும் கண் கூசவில்லை, எழுத்து பளிச்சென்று நின்றது. வெள்ளைக்கு எதிர் அரக்கு என்று உலகத்தில் எந்த வட்டமும் சொல்லாது. அழகேசன் வீட்டுக் கல்யாணத்துக்கு அதுதான் சரி.

இந்தத் தடவை தன் கண்ணை மட்டும் நம்பவில்லை. கீழே மருந்துக்கடையில் நின்றவர்களிடம் போனை நீட்டி, "இது என்ன பத்திரிகைன்னு நெனக்கிறீங்க?" என்று கேட்டாள். மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா, படிக்காமலே, "கல்யாணந்தான், வேறென்ன? யாரு கண்ணு, ஒனக்கா?" என்றார். அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. படியேறும்போதே இன்னொரு யோசனையும் வந்தது. எல்லா வீட்டுக்கும் அரக்குதான் என்று யார் சொன்னது? ராத்திரித் தாளை அவரவர் வீட்டுக்குத் தகுந்தபடி அவரவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நாலு நிறம் வைத்தாள்: அரக்கு, கறுப்பு, நீலம், பச்சை.

சாயங்காலம் தமிழழகனும் அவளும் அரியலூரில் அழகேசன் மண்டபத்து வாசலில் இருந்தார்கள். ஹேமலதா காபி கொண்டுவந்து கொடுத்தாள். வைரக்கண்ணு தாத்தா இந்தத் தடவை கண்ணாடியோடு வந்திருந்தார். வெற்றி போனை எடுத்து ராத்திரித் திரையை அழுத்திக் காட்டப் போனாள்.

"நீ அமுக்கிக் காட்டாத" என்றார் அழகேசன். "தானா மாறட்டும். நேத்தும் தானாத்தானே மாறுச்சு."

ஆக, எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியன் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு போன் கையில். சூரியனுக்கும் அன்றைக்கென்று அப்படி ஒரு நிதானம். தமிழழகன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்த துடைப்பில் தோலே உரிந்திருக்கும்.

முதலில் மாறியது தாத்தாவின் போன்தான். மனுசன் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அட! நம்ம ஹேமா பட்டுடா இது! பத்திரிகைக்கே பட்டுக் கட்டி விட்டிருக்காங்கடா!"

அடுத்தடுத்து எல்லாப் போனும் அரக்கானது. ஹேமலதா தன் போனை அம்மாவிடம் காட்ட உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அழுகை கேட்கவில்லை, சிரிப்புதான் கேட்டது. அழகேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்… நல்லாருக்கு" என்றார். தமிழழகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெற்றி நியாயமாகச் சந்தோஷத்தில் ஆடியிருக்க வேண்டும், ஆனால் அழகேசன் விரல் திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிறத்தையும் பார்த்துவிட்டார்.

"இந்தக் கறுப்பு எதுக்கு? எடுத்துரு. எம் மண்டபத்துப் பேருல அது வேணாம்."

"எடுத்துரலாம் சார், இப்பவே" என்றார் தமிழழகன்.

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள் வெற்றி.

தமிழழகன் அவளை முறைத்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"காலையில எங்கூட்ல நல்லது கெட்டது கெடையாதான்னு கேட்டீங்க சார். அப்ப எனக்கு வாய் வரல. இருக்கு சார். எங்கப்பா கறுப்புச் சட்ட போட்டுத்தான் எங்கம்மாவுக்கு மாலை மாத்துனாரு. அவங்க பத்திரிகையும் கறுப்பு. எங்கூட்ல அதுதான் நல்ல நாளு நெறம். அத உங்கூட்டுக் கல்யாணத்துல கொண்டாந்து வச்சது என் தப்பு, ஒத்துக்கிறேன். அதுக்காக உங்க நெறத்த ஒரு நாள் பூரா தேடி எடுத்தேன். அதுல எங்க நெறத்துக்கும் ஒரு எடம் இருக்கணும். இல்லன்னா வேலைய திருச்சிக்கே குடுத்துருங்க."

சொல்லி முடித்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் கையில் வந்த முதல் பெரிய வேலை. அதைத் தானே தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

அழகேசன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். "உங்கப்பா கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"தெருவுல பந்தல் போட்டு சார். மண்டபம் கேட்டாங்களாம், எந்தத் தெருன்னு தெரிஞ்சதும் தேதி இல்லன்னுட்டாங்களாம்."

"இங்கயும் கேட்டாங்களா?"

"இங்கதான் மொதல்ல கேட்டாங்களாம் சார்."

வைரக்கண்ணு தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அப்ப மண்டபத்த எங்கப்பா பாத்துக்கிட்டாரு" என்றார் அழகேசன். பிறகு அவருக்கே அது பதிலாகப் படவில்லை போலும். எழுந்து, மண்டபத்துக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கறுப்பு இருக்கட்டும்" என்றார். "வேல உங்கிட்டயே இருக்கட்டும். ஒனக்குக் கல்யாணம் கூடுச்சுன்னா இங்க வந்து தேதி கேளு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"கேப்பேன் சார். கறுப்புப் பத்திரிகையோடதான் வருவேன்."

"வாம்மா" என்றார் அவர். ஹேமலதா உள்ளே நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வெற்றிக்கு அப்படி ஒரு பெருமை பொங்கி வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அப்பாவுக்குப் போன் போட்டாள். லாரியை ஓரம் கட்டிவிட்டு எடுத்தார் ராசாங்கம். வேலை தன் கையிலேயே இருப்பதை, கறுப்பும் இருப்பதை, கடைசியாக மண்டபத்தில் தேதி கேட்கச் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் லாரி இன்ஜின் அணைகிற சத்தம் கேட்டது. எந்த விஷயத்துக்கும் பதில் வைத்திருக்கிற மனுசன் இப்போது கேள்வி கேட்டார்.

"எந்த மண்டபம்னு சொன்ன?"

"அழகேசன் மண்டபம்ப்பா. அரியலூரு."

"இன்னொருக்கா சொல்லு பாப்பா."

அவள் இன்னொரு தடவை சொன்னாள், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.